ஆள் வரவு பூச்சியம்

“தங்கச்சி, நீங்கள் ஆள் வரவு பதியேல்லை. அதுதான் காரணம்,” என்றார் கொழும்பிலிருந்து சுகிர்தன்.

ஹட்டனுக்கு மேலேயிருந்த தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணினி இயக்கும் தனுஜா டெலிபோனை மறு காதுக்கு மாற்றினாள். கொழுந்துக் கணக்குக்கு அவர் எழுதிக்கொடுத்த புரோகிராம் காலையிலேயே நின்றுவிட்டது. பிழைகளைத் தானாகவே கண்டுபிடிக்கும் அவருடைய இன்னொரு புரோகிராம், ஆள் வரவு பூச்சியமாக இருப்பதால் கொழுந்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுக்க முடியவில்லை என்று காட்டியது. கணினி சரியாகும்வரை நகரக் கூடாது என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார். கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சாவுக்குத் தப்புப் பறை அடித்தார்கள். பாடையைத் தூக்குவதற்குள் அத்தையின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

“பதிஞ்சது சரிதாங்க சார். இன்னைக்கு யாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகலைங்க.”

“வேலை நாளில ஏன் போகேல்லை?”

“எங்க அத்தை செத்துப்போச்சுங்க. தோட்டத்துல சாவுன்னா யாரும் வேலைக்கு எறங்க மாட்டாங்க.”

“போன மாசமும் நிண்டதே?”

“அது மருதை தாத்தா செத்த அன்னைக்குங்க.”

சுகிர்தன் தன் புரோகிராமைத் திறந்து பார்த்தார். “பூச்சியமெண்டால் வகுக்காமல் விடச் சொல்ல ஒரு வரிதான் பிள்ளை. சொல்லுறன், அடியுங்கோ.”

அவள் அடித்து முடித்து இறங்கியபோது தப்புச் சத்தம் நின்றிருந்தது. அத்தையைத் தூக்கிப்போன வீட்டைப் பெண்கள் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் எல்லாரும் மலைக்குப் போனார்கள். தனுஜா முந்தைய நாளுக்கு மறுபடியும் பூச்சியம் என்று பதிந்தாள். இந்த முறை கணினி ஏற்றுக்கொண்டது.