மூவிலைப் பாத்தி

பொதுப்பூங்காவின் செடிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவளை எல்லாரும் மூவிலையக்கா என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

மூவிலை அந்த ஊர்க் காட்டுக்கே உரிய செடி. ஒரு தண்டு, மூன்று இலை, நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பூ. வெயில் ஆகாது, மர நிழலும் மக்கிய சருகும் வேண்டும். விதைத்தால் இரண்டு வருடம் தலையே காட்டாது. பூக்க ஏழு வருடம். இவ்வளவு பிகு பண்ணுகிற செடியை எவள் வளர்ப்பாள்? இவள் வளர்த்தாள், பூங்காவின் மர நிழலில் தனிப் பாத்தி போட்டு, நாற்பது செடி.

"அது பூக்கறதுக்குள்ள நம்ம பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்டி" என்று லாரி ஓட்டும் புருஷன் கேலி செய்தான். ஆனது. பேரனும் பிறந்துவிட்டான்.

ஏழாம் வருடம் நாற்பது செடியும் மொட்டு விட்டன. அதே வருடம் அவளுக்கு ஓய்வு. தனக்குப் பிறகு பாத்தி என்ன கதியாகுமோ என்ற கவலை அவளை அரித்தது. புதிதாக வந்த மேனேஜரிடம் வாய்விட்டே கேட்டாள்.

"சார், எனக்குப் பரிசு கிரிசு எதுவும் வேண்டாம். அந்தப் பாத்தியை மட்டும் பார்த்துக்குங்க."

"கவலையை விடுங்கக்கா. அது என் பொறுப்பு."

நல்ல மனிதர். அதுதான் கொடுமை.

விடைபெறும் நாளில் அவர் கையில் ரிப்பன் கட்டிய பூங்கொத்து. நாற்பது வெள்ளைப் பூ.

"கடையில வாங்கிக் கொடுத்தா உங்களுக்கு என்னக்கா மரியாதை? நீங்க வளர்த்த பூ! காலையில நானே போய் வெட்டினேன்."

"இலையோடவா சார்?"

"பின்னே? இலை இருந்தாத்தானே எடுப்பா இருக்கும். மண்ணோட ஒட்ட வெட்டினேன். மறுபடி துளிர்த்துடும்ல?"

அந்த மூன்று இலைதான் செடிக்குச் சோறு. அது போனால் அந்த வருடம் வேறு இலை வராது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே பட்டினி கிடந்து சாகும். அவருக்கு இது தெரியாது. எப்படித் தெரியும்? பேச்செடுத்தாலே சிரிப்பார்களே என்று இவள் ஒருவரிடமும் சொல்லி வைக்கவில்லை. யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். அவர் அவள் முகத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"துளிர்த்துடும் சார்" என்றாள்.

போட்டோவுக்காகப் பூங்கொத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தாள்.