நின்றால் சமன்

பம்பரம் (1952–2019). பட்டறையாரும் வீட்டாரும் இட்ட பெயர் அதுவே. அந்த அம்மா உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடித்ததை எவரும் கண்டதில்லை. சுழலும் உறுப்புகளைச் சமன் செய்வது அவர் தொழில். மின்விசிறி இறக்கை முதல் சலவை எந்திரத்தின் டிரம் வரை, சுற்றுவதெல்லாம் அவர் கைக்கு வரும்.

முறை எளிது. மட்டமாகக் கிடத்திய இரண்டு இரும்புக் கம்பிகளின்மேல் டிரம்மின் அச்சை வைப்பார். கனத்த பக்கம் தானே உருண்டு கீழே வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு எதிர்ப்புறத்தில் ஓர் இரும்புத் துண்டைப் பொருத்துவார். பிறகு எப்படித் திருப்பினாலும் டிரம் விட்ட இடத்தில் நின்றால், ஓர் அட்டையில் "சமன்" என்று எழுதிக் கட்டுவார். அந்தச் சொல்லுக்குமேல் பட்டறையில் அப்பீல் கிடையாது.

தங்கை வேலைபார்த்த சலவை நிலையத்தின் நீண்ட டிரம்மை ஒரு புதன்கிழமை அவ்வாறே அனுப்பினார். மறுநாள் மதியம் பட்டறை வெல்டர் கேட்டார்:

"விரிசலுக்கு நான் பின்முனையில ஒட்டு போட்டேன். நீ எடையை முன்முனையில வச்சிருக்கியேம்மா?"

"பின்னால பெல்ட் கப்பி இடிக்கும்ணே. எங்க வச்சா என்ன, நின்னுச்சே."

"நிக்கிறதுக்கா அதைச் செஞ்சாங்க?"

சொன்னவர் சிரித்தார். பம்பரம் சலவை நிலையத்தின் எண்ணைச் சுழற்றினார். நிற்கையில் ஒட்டின் கனமும் எடையின் கனமும் ஒன்றுக்கொன்று ஈடு. சுழல்கையிலோ பின்முனையை ஒன்று இப்பக்கம் இழுக்கும், முன்முனையை மற்றொன்று அப்பக்கம் இழுக்கும். டிரம் குறுக்கே திமிறும். வேகம் இருமடங்கானால் இழுப்பு நான்மடங்கு. அலசும்போது தெரியாது, பிழியும்போது தெரியும். பிழியவைக்கும் விசைப்பொத்தான் அருகே நிற்பவள் தங்கை.

தொலைபேசியில் மணி அடித்து ஓய்ந்தது, எவரும் எடுக்கவில்லை. பேருந்தில் இருக்கைகள் காலி. அவர் வாசற்கம்பியை விடவில்லை.

"நின்னா சீக்கிரம் போயிடுமாம்மா?" என்றார் நடத்துநர்.

சலவை நிலையத்தில் டிரம் இன்னும் முதல் துணிகளை அலசிக்கொண்டிருந்தது. தங்கையின் கை விசைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"பிழிய விடாதேடி."

"ஏன்க்கா? சமன்னு நீதானே எழுதியிருக்கே? அதை நம்பித்தானே இங்க நிக்கிறேன்." அட்டையை அவள் சுவரில் மாட்டியிருந்தாள்.

மேற்பார்வையாளர் வந்தார். "நீங்களே எழுதிட்டு நீங்களே இல்லைன்னா எப்படிம்மா?"

"துணியை எடுத்துட்டுப் பாதி வேகத்துல விடுங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

பம்பரம் எந்திரத்தின் சட்டத்தின்மேல் நீர் நிறைந்த குவளை ஒன்றை வைத்தார். டிரம் வேகம் பிடித்தது. நீர் நடுங்கித் தளும்பியது. குவளை அங்குலம் அங்குலமாக நகர்ந்து விளிம்பிலிருந்து விழுந்தது. மேற்பார்வையாளரே ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார்.

"இது பாதிதானாக்கா?"

"பாதிதான். முழு வேகம்னா நாலு மடங்கு."

 தங்கை சுவரிலிருந்த அட்டையைக் கழற்றி அக்காவின் கையில் வைத்தாள். "இந்தா, உன் வார்த்தை. நீயே வச்சுக்கோ."

கப்பியைக் கழற்றிவிட்டு, ஒட்டு இருந்த பின்முனையிலேயே எதிர் எடையை வைத்தார் பம்பரம். அதன்பின் எந்த டிரம்மும் முழு வேகத்தில் சுற்றாமல் பட்டறையை விட்டுப் போகவில்லை. அது சுற்றி முடியும்வரை அவர் அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார். அட்டையில் "சுற்றிப் பார்த்தது" என்று மட்டும் இருக்கும். "சமன்" என்று அவர் கடைசியாக எழுதியது 1988 மார்ச் 9, புதன்கிழமை.