நான் பார்க்காத நாலாம் பருவம்

அறுபதாம் வருடம், மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவிலிருந்து வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். தினமும் படகேறி எறணாகுளம் போய், ஓர் ஆய்வுக்கூடத்தில் துடுப்புக்காலிகளை வரைந்தேன். கடலில் மிதக்கும், எள்ளைவிடச் சிறிய உயிர்கள் அவை. மீன்குஞ்சுகளுக்கு அவைதான் சோறு. அத்தா அரைமனதோடு அனுப்பினார். "கொறன்னு ஒரு சொல்லு என் காதுல விழுந்தா, அன்னைக்கோட வேலைய விட்டுட்டு வீட்டுல இருந்துக்கணும்" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஆய்வுக்கூடத்து சார், முட்டைப் பையைச் சுமந்த ஒரு தாயைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டிருந்தார். பொரிந்த குஞ்சுகள் பெரிதாகும்வரை பதினோரு முறை தோல் உரிக்கும். ஒவ்வொரு முறையும் உருவம் மாறும், வால்முனையில் முட்கள் கூடும்; ஒவ்வோர் உருவமும் ஒரு பருவம். சார் எழுதும் கட்டுரைக்காகப் பருவத்துக்கு ஒன்றிரண்டு எடுத்து நான் வரைய வேண்டும். சார் ஊருக்குப் போனபோது கிண்ணம் என் பொறுப்பானது.

மூன்றாம் பருவத்தை வரைந்த மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். அன்றைக்கு வேலை என்றால் அத்தா காலை ஒடித்திருப்பார். நெய்ச்சோறு தின்றுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் கிண்ணம் முழுக்க ஐந்தாம் பருவம். அதுகளுக்கு ஏது பெருநாள்! உரித்த தோல்கூடக் கிழிந்த நூலாகத்தான் கிடந்தது.

இன்னொரு தாயைப் பிடிக்கவும் வழியில்லை. மழை பிடித்துவிட்டது. ஆற்று வெள்ளம் வந்து, கடலைத் தொட்டுக் கிடக்கும் காயலில் உப்பு போய்விட்டால், மழை ஓயும்வரை இந்த இனம் அங்கே கிடைக்காது.

சொல்லியிருக்கலாம். பயம் விடவில்லை. மூன்றையும் ஐந்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுவில் இருந்திருக்க வேண்டியதை நானாகவே வரைந்தேன். திரும்பி வந்த சார் படங்களைப் புரட்டினார்.

"நாலாமத்தது ரொம்ப நன்னாயிட்டுண்டு, கேட்டோ."



மழைக்காலம் முழுக்கப் பயந்தே செத்தேன். சார் நாற்காலியை இழுத்தால் திடுக்கிடுவேன். தொழுகையில்கூட அந்தப் படம்தான் கண்முன் வந்து நின்றது.

காயல் மறுபடி உப்புக் கரிக்கத் தொடங்கியதும், யாருக்கும் சொல்லாமல் ஒரு தாயைத் தேடியெடுத்துக் குஞ்சுகளை வளர்த்தேன். நாலாம் பருவத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் வரைந்ததைவிட இரண்டு முள் அதிகம். எத்தனை முறை எண்ணினாலும் இரண்டு அதிகம்.

சரியான படத்தை வரைந்து சார் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். வேலை போயிற்று, அத்தா முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சார் திட்டவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"கட்டுரைய போன மாசமே அச்சுக்கு அயச்சாச்சு, குட்டி. நாலாமத்தத ஞான் என் கண்ணால கண்டு எண்ணினேன்னு எழுதியிருக்கேன்." சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நீ வேற ஆருட்டயும் பறயல்லியே?"

இல்லை என்றேன். புதுப் படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

என் வேலை போகவில்லை. அதற்குப் பிறகு நான் எதை வரைந்து நீட்டினாலும், நுண்ணோக்கியில் ஒத்துக்கூடப் பார்க்காமல், தலையாட்டி வாங்கிக்கொண்டார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.