முனிகிருஷ்ணனின் கைத்தட்டு

முனிகிருஷ்ணன் கை தட்டினால் சத்தம் வராது. சத்தியமாக வராது. பிசைந்த மாவைப் பலகையில் போட்டதுபோல 'சொத்' என்று ஒன்று கேட்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குப் பெரிய அதிகாரி வந்தபோது எல்லாரும் தட்டினார்கள், இவனும் தட்டினான். சும்மா கையை ஆட்டி நையாண்டி செய்கிறான் என்று வாத்தியார் இவனை மட்டும் முட்டி போட வைத்தார். பஜனையில் சேர்த்துக்கொண்டார்கள், இரண்டாம் பாட்டிலேயே சுண்டலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதையாவது கொடுத்தார்களே! பிறகு கும்மிடிப்பூண்டியில் ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கையில் மிச்சம் இருந்த கொஞ்சநஞ்சக் காய்ப்பும் சோப்போடு கரைந்து போயிற்று.

இந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் பெண் எடுக்கப் போன இடத்தைப் பாருங்கள்! பழவேற்காடு ஏரிக்குள் ஒரு தீவுக் குப்பம். பெண் கங்கம்மாள், படகுக்கார நாகமுத்துவின் மகள். அந்தக் குப்பத்துக்குப் போக வேண்டுமென்றால் இக்கரையில் நின்று கை தட்ட வேண்டும். வாய் திறந்து கூவவே கூடாது. தண்ணீர்மேல் கூவினால் சாவுச் சேதி என்று அர்த்தம். தட்டுவது யாரென்று சத்தத்தை வைத்தே நாகமுத்து சொல்லிவிடுவார். அவருடைய அக்கா அங்காளம்மாள் தட்டினால் மட்டும் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடுவார். அவ்வளவு பயம்.

அந்த அங்காளம்மாளுக்குத்தான் இந்தக் கல்யாணமே பிடிக்கவில்லை. தன் மகன் சேகருக்குக் கங்கம்மாளைக் கேட்டிருந்தாள். முறைப்பையனை விட்டுவிட்டுக் கம்பெனிக்காரனுக்குக் கொடுப்பதா என்று முந்தின நாளே கோபித்துக்கொண்டு இக்கரைக்கு வந்துவிட்டாள். சேகர் மட்டும் அங்கேயே தங்கி, எதற்கும் இருக்கட்டும் என்று தலைக்குக் குளித்துப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மணவறைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தான்.

எழுபத்தெட்டாம் வருஷத் தை மாதம். மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே போய்விட்டார்கள். லீவு கிடைக்காத மாப்பிள்ளை மட்டும் ஷிப்ட் முடித்து முதல் பஸ் பிடித்து வந்தான். கரையில் ஈ, காக்கை இல்லை. எதிரே ஒரே பனி. தட்டினான். சொத். சொத். முகூர்த்தம் நெருங்குகிறது, கூவலாமென்றால் கல்யாணத்தன்று சாவுச் சேதியா! பாவம், அழுகையே வந்துவிட்டது.

விரலை விரித்துத் தட்டினான். கையைக் குறுக்கே வைத்துத் தட்டினான். எதுவும் தேறவில்லை. கடைசியில் ஆத்திரத்தில் இரண்டு உள்ளங்கையையும் கிண்ணம்போலக் குவித்து ஓங்கி அறைந்தான். டொம்! உள்ளே மாட்டிய காற்று கட்டைவிரல் சந்து வழியாகப் பீறிட்டு வந்தது. காலிக் குடத்தின் வாயில் தட்டினால் வருமே, அதே கனம். தன் கைதானா என்று திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் அறைந்தான். டொம்!

பனியைக் கிழித்துக்கொண்டு படகு பறந்து வந்தது. முகம் தெரிவதற்கு முன்பே நாகமுத்துவின் குரல் வந்தது.

"எக்கா, கோச்சிக்காதக்கா! கம்பெனிக்காரன் வரவே இல்ல. உம் புள்ளைக்கே கட்டி வெச்சிடறேன், மொதல்ல ஊட்டுக்கு வா!"

முனிகிருஷ்ணன் செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டான். "மாமா, நான்தான் மாமா தட்டினது!"

"பேஜார் பண்ணாத மாப்ள. நிச்சயத்தன்னிக்கே பாத்தேனே, உன் கையில ஏது சத்தம்? அது எங்க அக்கா கையி."

டொம் என்று தட்டிக் காட்டினான். நாகமுத்து தண்ணீரில் விழப் பார்த்தார்.

பாதி ஏரி கடந்திருப்பார்கள். பின்னால் கரையிலிருந்து டொம், டொம் என்று கேட்டது. மனசு கேட்காமல் அங்காளம்மாள் நிஜமாகவே வந்துவிட்டிருந்தாள். நாகமுத்து கழியை நிறுத்தினார்.

"திருப்பணும் மாப்ள. அக்கா கூப்புடுது."

திருப்பினால் முகூர்த்தம் போச்சு, மணவறையில் சேகர் உட்கார்ந்துவிடுவான். "அது எதிரொலி மாமா! நான் தட்டினது இப்பத்தான் திரும்பி வருது."

"இவ்ளோ நேரம் கழிச்சா?"

"பனியில மெல்லத்தான் மாமா வரும்."

டொம், டொம், டொம்.

"நீ இத்தினி தட்டு தட்டலயே?"

"எதிரொலிக்கு எதிரொலி மாமா. நீ தள்ளு!"

"இதெல்லாம் கம்பெனில சொல்லித் தராங்களா?" என்று வியந்துகொண்டே நாகமுத்து தள்ளினார். தாலி நேரத்துக்குக் கழுத்தில் ஏறியது. பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தது சேகர்.

மத்தியானம் யாரோ ஒருவரின் மீன்படகில் வந்து இறங்கினாள் அங்காளம்மாள். "கை செவக்கத் தட்டிக்கினு கெடந்தேன், காது அடைச்சிப் பூட்ச்சா உனக்கு?"

"அது மாப்ளயோட எதிரொலின்னு நெனச்சேங்க்கா."

"இன்னாது? எங்க, தட்டச் சொல்லு பாப்போம்."

முனிகிருஷ்ணன் வேண்டுமென்றே உள்ளங்கைகளைக் குவிக்காமல் தட்டையாக ஒட்டித் தட்டினான். சொத். அங்காளம்மாள் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். அதுதான் டொம் என்று கேட்டது.

அன்றைக்கே மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார்: "இனிமே அந்தத் தட்டு தட்டாத மாப்ள, என் உசுரு போவுது." ஆக, கிடைத்த ஒரே நல்ல தட்டும் போயிற்று. குப்பத்திலேயே குடித்தனம் என்பதால், ஒவ்வொரு முறை ஷிப்ட் முடிந்து வரும்போதும் இக்கரையில் பழையபடி சொத், சொத் என்று தட்டிக்கொண்டு நிற்பான். மாமனாருக்கு அது கேட்டதே இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் எப்படியும் ஒரு படகு வந்துவிடும். கழியை ஊன்றிக்கொண்டு கங்கம்மாள் நிற்பாள்.

"இன்னா எதிரொலி, ஏறு."