சென்னை முகவரியில் ஏழு ஆண்டுகள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் உடன்பிறந்த தம்பி நான் எழுதுகிறேன். பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுவது என் தொழில். நயமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அக்கா குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால்கரைத் தெருவில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை, விடுமுறை நாளெல்லாம் அக்கா நடவுக்குப் போனார். எனக்குச் சீருடை தைத்தது அந்தக் கூலியில்தான். பிறகு ராணுவத்தில் இருந்த அத்தானைக் கட்டிக்கொண்டு வடக்கே போனார். அங்கே குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். அக்கா சிரித்தபடி இருக்கும் போட்டோக்கள் எல்லாம் அந்த வீட்டில் எடுத்தவை. அதற்குப் பிறகு எடுத்த ஒன்றில்கூட அந்தச் சிரிப்பு இல்லை.

அவர்கள் மகள் பாப்பா ஐந்தாவது முடிக்கும்போது அத்தானை எல்லைக்கு மாற்றினார்கள். அங்கே குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது. குடும்பம் எந்த ஊரில் தங்குகிறதோ அந்த ஊருக்கு உரிய வீட்டு வாடகைப்படி சம்பளத்தோடு வரும். சென்னை என்றால் அதிகம். திருச்சி என்றால் அதைவிடக் குறைவு. எங்கள் ஊர் மாதிரி கிராமம் என்றால் எல்லாவற்றிலும் குறைவு. இதை விசாரித்து வந்து வீட்டில் சொன்னவன் நான்.

"மெட்ராஸ்ல சின்னதா ஒரு ரூம் எடுத்து இருந்தா, வாடகை போக மிச்சம் பிடிக்கலாம். அதுல இங்க வீட்டைக் கட்டிடலாம்" என்றேன்.

எங்கள் தெருவிலேயே அத்தான் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். பெரியப்பா முதல் அத்தானின் அண்ணன் வரை எல்லாரும் தலையாட்டினார்கள். அக்காவை யாரும் கேட்கவில்லை. "உனக்கென்னடி, இனிமே மெட்ராஸ்காரி" என்று சித்தி மட்டும் கேலி செய்தார்.

முகவரியை மட்டும் சென்னையில் காட்டிவிட்டு ஆள் ஊரில் இருக்கும் குடும்பங்களும் உண்டு. அக்கா அந்தப் பொய்க்கு ஒப்பவில்லை. அதனால் உண்மையாகவே அங்கே கிடந்தார். மூன்றாவது மாடிக்கு மேலே, மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. தண்ணீர் கீழேயிருந்து தூக்க வேண்டும். அத்தானுக்கு அடுத்தடுத்து எல்லைப் பணியாகவே வந்தது. அக்காவின் வாழ்க்கையில் ஏழு ஆண்டுகள் அந்த அறையில் போயின.

ஊருக்கே முகவரியை மாற்றிக்கொள்கிறேன் என்று அக்கா மூன்று முறை கேட்டார். எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். படி குறையும், அவ்வளவுதான்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது முதல் முறை கேட்டார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ஊரில் கட்டும் வீட்டுக்கு இன்னும் கூரைக் கான்கிரீட் போடவில்லை, இப்போது மாற்றினால் வேலை நின்றுவிடும் என்றோம். ரொம்ப நாள் இங்கே தங்கினால் யாராவது மொட்டைக் கடுதாசி போடுவார்கள் என்று சொல்லிப் பத்து நாளில் பஸ் ஏற்றிவிட்டோம். அப்பாவைக் கடைசியில் பிணமாகத்தான் பார்த்தார். பாப்பா பத்தாவது முடித்ததும் இரண்டாம் முறை கேட்டார். அப்போது பூச்சு வேலை பாக்கி.

மூன்றாம் முறை போன வருடம் ஆவணியில். எனக்குத்தான் போன் செய்தார்.

"தம்பி, எனக்கு முடியலடா. மாடி ஏறினா நெஞ்சை அடைக்குது. அத்தான்கிட்ட நீயே சொல்லி மாத்தச் சொல்லேன்."

"இவ்வளவு நாள் இருந்துட்ட. தையில பால் காய்ச்சிடலாம்க்கா. அதுவரைக்கும் பொறுத்துக்க" என்றேன். அத்தானிடம் நான் சொல்லவில்லை.

ஐப்பசியில் குடத்தோடு படியில் விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உடலை ஊருக்குக் கொண்டுவந்தோம். நல்ல மழை. வீடு பெயின்ட் அடித்துத் தயாராக நின்றது. பாப்பா ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி, "சாவி எங்க மாமா?" என்று கேட்டாள்.

பெரியப்பா குறுக்கே வந்தார். "பால் காய்ச்சாத வீட்டுல பொணத்தை வைக்கிறதா? அப்புறம் யாருடா அதுல குடியிருக்கிறது?" என்றார். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. தெருவில் தார்ப்பாய் கட்டி, பெஞ்சு போட்டு, அக்காவை அதன் கீழே கிடத்தினோம். இரவு முழுக்கச் சாரல் அடித்தது. பாப்பா தன் துப்பட்டாவால் அக்காவின் முகத்தைத் துடைத்தபடியே இருந்தாள். மறுநாள் வந்து சேர்ந்த அத்தான், "ஏன் வெளியில வச்சிருக்கீங்க?" என்று ஒன்றுதான் கேட்டார்.

நன்றி சொல்வது முறை. சொல்கிறேன். கீழ்வீட்டில் இருந்து ஓடி வந்து அக்காவைத் தோளில் தாங்கிய பூக்கார அம்மாவுக்கு நன்றி. காசு வேண்டாம் என்று சொல்லி, ஆஸ்பத்திரி வாசலில் சாயங்காலம் வரை நின்ற ஆட்டோக்காரருக்கு நன்றி. அன்றிரவு தார்ப்பாய்க் கம்பு சாயாமல் விடியும்வரை மாறி மாறிப் பிடித்த எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நன்றி. இவர்கள் யாரும் எங்களுக்குச் சொந்தமில்லை. சொந்தக்காரர்கள் செய்ததை மேலே எழுதிவிட்டேன். அதில் முதல் ஆள் நான்.

பாப்பா ஏன் வரவில்லை என்று இன்று பல பேர் கேட்பீர்கள். போன வாரம் சென்னைக்குப் போய் அவள் ஹாஸ்டலில் கூப்பிட்டேன். வாசலிலேயே நிறுத்தி, "அம்மாவை உள்ள விடாத வீட்டுக்கு நான் எதுக்கு மாமா வரணும்?" என்றாள். அழவில்லை. வகுப்புக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அவளை யாரும் குறை பேசக்கூடாது. வருடம் முடிந்துவிட்டது, தையில் பால் காய்ச்ச நாள் பார்க்கலாமா என்று இரண்டு பேர் இதற்குள் கேட்டுவிட்டார்கள். அந்தப் பேச்சோடு யாரும் என் வாசலுக்கு வர வேண்டாம்.