சேற்று வளைவில் ஏறிய ஜீப்

அழகுமுத்துவின் முதல் பிள்ளை ஜீப்பின் பின்னிருக்கையில் பிறந்து, அங்கேயே இறந்தது. பொகவந்தலாவைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால், இறங்கி ஓடையைக் கடந்து, சேற்று வளைவில் மறுபடி ஏறித்தான் தார் ரோட்டைப் பிடிக்க வேண்டும். ஆடி மழையில் அந்த வளைவில்தான் வண்டி நின்றது. பள்ளத்துப் பக்கத்துச் சில்லு சேற்றை வாரி இறைத்தபடி சுற்றியது. மேட்டுப் பக்கத்துச் சில்லு கெட்டித் தரையில் அசையாமல் இருந்தது. அழகுமுத்து வண்டியை உறும விட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் மருத்துவச்சி வீரம்மா, “நிப்பாட்டுடா, போதும்” என்றாள்.

அந்த ஜீப் உலக யுத்த காலத்தில் பட்டாளம் விட்டுப்போனது. முன்சில்லுகளின் இழுவை எப்போதோ போய், பின்சில்லுகள் மட்டுமே அதைத் தள்ளின. பெரிய துரை அதைச் சில காலம் ஓட்டினார். புதுக் கார் வந்ததும் மேல் டிவிசனுக்குத் தள்ளிவிட்டார், நோயாளிகளை ஏற்றட்டும் என்று. பங்களாவில் கார் கழுவப் போய் அங்கேயே ஓட்டக் கற்றுக்கொண்ட அழகுமுத்து அதற்கு டிரைவரானான். துரைக்கு அந்த வண்டியின் நினைப்பே இல்லை. அதனால்தான் இரவும் பகலும் அது தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் நின்றது. கூப்பிட்ட நேரத்துக்குக் கிளம்பியது.

மறு வருடம் அவன் மனைவி நாகலெட்சுமி மறுபடி உண்டானாள். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை நோர்வூட்டில் இருந்த ஹலீமின் கராஜுக்குக் கொண்டுபோனான். ஹலீமை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவான்.

“நானா, சேத்துல மாட்டினா ஒரு சில்லு சுத்துது, மத்தது வேடிக்கை பாக்குது. ரெண்டையும் சேத்து வேலை வாங்க முடியாதுங்களா?”

ஹலீம் வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டினார். “அத அப்பிடித்தான் செஞ்சீக்கிது. வளைவுல ஒரு சில்லு கூட ஓடணும், ஒண்டு கொறைய ஓடணும். அதுக்குத்தான் அச்சுக்கு நடுவுல இந்தப் பல்லுப்பெட்டி. எந்தப் பக்கம் லேசோ, அந்தப் பக்கம்தான் பலமெல்லாம் போகும்.”

“அப்ப இது தொரைமாருக்குன்னே செஞ்ச வண்டிதாங்க.”

ஹலீம் சிரித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். பெட்டிக்குள் இருக்கிற பற்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால் இரண்டு சில்லும் ஒன்றாகத்தான் சுற்றும், ஒன்று மாட்டினாலும் மற்றது இழுத்துவிடும் என்றார். “ஆனா தார் ரோட்டு வளைவுல ரெண்டும் சண்டை பிடிக்கும். இந்த மெல்லிய அச்சு தாங்காது, முறிஞ்சிரும். தடிச்சது வேணும். இன்னொண்டு, ஒட்டினா ஒட்டினதுதான். பொறகு பிரிக்க ஏலாது.”

“எதுக்கு நானா பிரிக்கணும்? ஒட்டுங்க.”

ஹட்டனில் பழைய இரும்புக்காரனிடம் பட்டாள லொறி ஒன்றின் அச்சு கிடைத்தது. அதை லேத்தில் கடைந்து ஜீப்புக்குப் பொருத்த ஹலீமுக்கு அந்த மாதத்து ஞாயிறெல்லாம் போயிற்று. பொருத்திய அன்றே நல்ல மழை. அழகுமுத்து நேரே சேற்று வளைவுக்குப் போனான். பள்ளத்துச் சில்லு வழுக்கியது, மேட்டுச் சில்லு மண்ணைக் கவ்வியது. ஜீப் ஒரே மூச்சில் ஏறி நின்றது. அவன் தனியாக வண்டிக்குள் உட்கார்ந்து அழுதான்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஆயுத பூசை வந்தது. ஃபேக்டரி இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, துரை கையால் முதல் தேங்காய் உடைப்பது தோட்டத்து வழக்கம். நம் ஜீப்புக்கும் துரையைக் கூப்பிட வேண்டும் என்றார் மாயாண்டி கங்காணி.

“தொரை ஒடைச்சாத்தான்டா வண்டிக்கு மருவாதி. நம்ம டிவிசனுக்கும் மருவாதி.”

அழகுமுத்துவுக்கும் ஆசை இருந்தது. ஜீப்பைக் கழுவி, சந்தனம் தடவி, மாலை போட்டான்.

“வண்டிக்கு இம்மாம் பெரிய மாலை போட்டிருக்கியே, பொண்டாட்டிக்கு ஒரு மொழம் பூ வாங்கினியாடா?” என்று வீரம்மா கேட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நாகலெட்சுமி, “அதுதான் அவருக்கு மூத்த தாரம்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

துரை வந்தார், தேங்காய் உடைத்தார். அழகுமுத்து சும்மா இருக்காமல், மாலையோடு வண்டியைச் சேற்று வளைவில் ஏற்றிக் காட்டினான். துரை குனிந்து அச்சைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

“நல்ல வேலை. நாளையிலிருந்து இந்த ஜீப் ஃபேக்டரிக்கு வரணும். மழை நாளிலும் மேலே உரம் ஏத்தலாம்.”

“தொரை, ஆசுபத்திரிக்கு ஆள் ஏத்தற வண்டிங்க.”

“முன்னே எப்படிப் போனாங்க? கம்பளியிலே தூக்கித்தானே?”

 தோட்டத்தாரின் ஓட்டுரிமையையும் அரசாங்கம் பறித்திருந்தது. யாரிடம் போய் முறையிடுவது? அன்று முதல் ஜீப் ஃபேக்டரி வாசலில் நின்றது. உரமூட்டை ஏற்றியது, விறகு இழுத்தது. அதன் புகழ் பரவி, பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரும் இரவல் கேட்டார்கள். வீட்டில் மாதம் நெருங்குகிறது என்று அழகுமுத்து ஒருமுறை சொல்லிப் பார்த்தான். உரம் முடியட்டும் என்றார் துரை.

ஐப்பசி மழையில், நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புதைந்த லொறியை இழுக்க ஜீப்போடு அவனை அனுப்பிவைத்தார்கள். அன்று காலையில்தான் நாகலெட்சுமிக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. வீரம்மா தொட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரிதான் என்றாள். ஃபேக்டரியில் வண்டி இல்லை. கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி ஆண்கள் தோளில் தூக்கினார்கள். வழி முழுக்கச் சேறு. ஒவ்வொரு அடியும் வழுக்கியது.

மாலையில் ஃபேக்டரிக்குத் திரும்பி, செய்தி கேட்டு விரைந்து வந்த அழகுமுத்து சேற்று வளைவில் அவர்களைக் கண்டான். தூளி கீழே இறங்கியிருந்தது. வீரம்மா நாகலெட்சுமியின் கால்களைத் தன் தோளில் உயர்த்தி வைத்து, துணியைத் திணித்து அழுத்திக்கொண்டிருந்தாள். துணி முழுக்க இரத்தம்.

“புள்ள?”

“அது போயிருச்சு. இவளப் பாப்போம். வண்டிய அணைக்காதே, ஏத்து.”

ஜீப் அன்றும் ஒரே மூச்சில் ஏறியது. தார் ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் பின்சில்லுகள் கீச்சிட்டன. தடித்த அச்சு தாங்கியது. அவன் திரும்பிப் பார்க்காமல் விரட்டினான். ஆஸ்பத்திரிக்கு இன்னும் பாதி வழி இருந்தது. பின்னாலிருந்து வீரம்மா அவன் தோளைத் தொட்டாள்.

“இனி அவசரமில்ல. மெதுவாப் போ.”

காரியம் முடிந்ததும் அவன் ஹலீமிடம் போனான்.

“நானா, இதப் பழையபடி ஆக்கிருங்க. ஏறாத வண்டின்னா தொரைக்கு வேணாம். எங்ககிட்டயே தள்ளிருவாரு.”

ஹலீம் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவன் குடிக்கவில்லை.

“அத ஒடைச்சுத்தான் எடுக்கணும். பழைய பல்லு ஒண்டு தேடிப் பிடிக்கலாம், போடலாம். போட்டா வண்டி ஒங்க வாசல்லயே நிக்கும். மழை பேஞ்சா அதே வளைவுல, அதே சேத்துல நிக்கும். எதுன்னு நீயே சொல்லு.”

அழகுமுத்து வெளியே வந்தான். ஜீப்பின் பின்னால் உரமூட்டைகள் இருந்தன. இருட்டுவதற்குள் மேல் டிவிசனில் இறக்க வேண்டும் என்பது உத்தரவு. பல்லுப்பெட்டியை ஒட்டியபடியே விட்டுவிட்டு அவன் ஏறி உட்கார்ந்தான். மழை பிடித்துக்கொண்டது. சேற்று வளைவில் வண்டி கொஞ்சமும் வழுக்கவில்லை.