சூசை அண்ணனின் வலது கால்

சூசை அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் நாகர்கோவில் செல்லும் பேருந்தில் இருந்தேன். அவருடைய மகள் ஜெனி அழைத்து, "அத்தை, அப்பா போயிட்டாங்க" என்றாள். டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அழுது ஓய்ந்தபோது நெஞ்சுக்குள் துக்கம் மட்டும் இல்லை, பெரிய நிம்மதியும் இருந்தது. ஒரு சாவைப் பற்றி இப்படி எழுதுகிறாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் இருக்கும் உங்களுக்குப் பாதிக் கதை தெரியும். ஆஸ்பத்திரியில் நடந்த மீதிக் கதை எனக்கும் அவர் மனைவி ஸ்டெல்லா மைனிக்கும் மட்டுமே தெரியும்.

புதிதாகக் குழுவுக்கு வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சூசை அண்ணன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்து ஊர் திரும்பியவர். மற்றவர்கள் போர்வையும் சென்ட்டும் கொண்டுவந்த காலத்தில் அவர் ஒரு அரேஞ்சர் கீபோர்டோடு வந்து இறங்கினார். அதில் இடது கையால் ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை, பிடித்தால் போதும். உள்ளே இருக்கும் டிரம்ஸும் பேஸும் கிட்டாரும் அந்தக் கார்டுக்கு ஏற்றபடி கூடவே வாசிக்கும். வலது கை மெட்டைப் பார்த்துக்கொள்ளும். அண்ணன் ஒன்றும் பெரிய வித்துவான் இல்லை. எல்லாப் பாட்டையும் வெள்ளைக் கட்டைகளே போதுமான சி மேஜரில்தான் வாசிப்பார். சுருதி ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்றால் டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்குவார், கீபோர்டே ஏற்றி இறக்கிக்கொள்ளும். "அப்பம் கறுப்புக் கட்டை எதுக்கண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன். "அது அழகுக்கு" என்றார்.

எனக்கும் அவருக்கும் சண்டை வேகத்தைப் பற்றியது. நம் கோயிலின் பாதுகாவலரான புனிதர் மேல் நாமே மெட்டுப்போட்ட காணிக்கைப் பாட்டில், சரணம் முடியும் இடத்தில் எனக்குச் சற்று இழுத்துப் பாட வேண்டும். பக்தி வரும் இடம் அது. அவருடைய டிரம்ஸோ ஒரு நொடிகூட நிற்காது. நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடி தொடங்கிவிடும். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் நாங்கள் சண்டை போடுவோம். "ஏட்டி ஃபிலோ, பாட்டு பஸ்ஸு மாதிரி. நீ எறங்கி நிண்ணு கடலை வாங்கித் தின்னுட்டு வாறது வரைக்கும் நிக்காது" என்பார். "பஸ்ஸுல ஆளு ஏறாண்டாமா?" என்று நான் கேட்பேன். "ஓடி வந்து ஏறு" என்பார். இருபது வருடம் இதே பேச்சுத்தான்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுவதும் போயிற்று. உயிர் பிழைத்ததற்கே நாங்கள் நன்றிப் பூசை வைத்தோம். ஆனால் இடது கை இல்லாமல் அந்தக் கீபோர்டை என்ன செய்வது? கார்டு மாறாவிட்டால் உள்ளே இருக்கும் வாத்தியமெல்லாம் ஒரே இடத்தில் நின்றுகொண்டு டங்கு டங்கு என்று அடித்துக்கொண்டிருக்கும். அந்த வருடத் திருவிழாவுக்குக் கமிட்டி ஒரு ஆளைக் கூட்டிவந்தது. எல்லாப் பாட்டும் லேப்டாப்பில் தயாராக இருந்தது. அவர் பட்டனைத் தட்டினார், நாங்கள் பாடினோம். ஒன்றும் குறையில்லை. கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கர் வழியாக அதெல்லாம் சூசை அண்ணனின் கட்டில்வரை போனது.

மறுநாள் பார்க்கப் போனேன். எல்லா ஜன்னலும் அடைத்திருந்தது. "கை வலிக்கா அண்ணே?" என்று கேட்டேன். "கையில எனக்கு உணர்ச்சியே இல்லட்டி, அது எப்பிடி வலிக்கும்? இங்கன கெடந்து கேட்டுட்டிருக்கேன் பாத்தியா, அதுதான் வலி" என்றார். ஸ்டெல்லா மைனி அடுக்களைக்குள் போய்விட்டார். மனிதர் வாயில் நையாண்டி இல்லாத ஒரு பேச்சு வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு மிகவும் பயமாக இருந்தது. இந்த ஆள் படுத்துக் கேட்டுக்கொண்டே செத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

ஒரு மாதம் கழித்து அவரே போன் செய்தார். "உனக்கு இங்கிலீஷு தெரியும்லா? வா." போனால் மேசைமேல் ஒரு குட்டிக் கீபோர்டு இருந்தது. கண்ட்ரோலர் என்றார். அதற்கென்று சொந்தமாகச் சத்தம் கிடையாது. எந்தக் கட்டையை அமுக்கினோம் என்ற செய்தியை மட்டும் மிடி வயர் வழியாகப் பெரிய கீபோர்டுக்கு அனுப்பும். ஜெனி ஆன்லைனில் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். "இத தரையில போட்டு காலால கார்டு குடுக்கப் போறேன்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெரிய கீபோர்டின் கையேட்டை என் மடியில் போட்டார்.

நான் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். பத்தாம் வகுப்புக்கு இலக்கணம் சொல்லிக்கொடுப்பவளுக்கு அந்தக் கையேட்டில் ஒரு பக்கம்கூட விளங்கவில்லை. வயரைச் செருகிக் காலால் அமுக்கினால் புல்லாங்குழல் சத்தம் வந்தது. டிரம்ஸும் பேஸும் இருந்த இடத்திலேயே இருந்தன. "நான் கார்டு குடுக்கேன், இந்தச் சவம் புல்லாங்குழல் ஊதுது" என்று கத்தினார். நான் வாசிப்பதும் அவர் திட்டுவதுமாகச் சில சாயங்காலங்கள் போயின. கடைசியில், இந்த வயரில் வருவதை மெட்டாக எடுத்துக்கொள்ளாதே, கார்டாக எடுத்துக்கொள் என்று கீபோர்டுக்குச் சொல்கிற ஓர் இடம் மெனுவின் உள்ளறையில் அகப்பட்டது. அதை மாற்றியதும் அவர் காலை நகர்த்தினார், முழு வாத்தியக் குழுவும் கூடவே நகர்ந்தது. மைனி கையில் கரண்டியோடு ஓடிவந்து வாசலில் நின்றார்.

ஒற்றை விரலில் கார்டு பிடிக்கும் முறையை அவர் தேர்ந்துகொண்டார். ஒரு கட்டையை மட்டும் அமுக்கினால் மேஜர். அதோடு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டையையும் சேர்த்தால் மைனர். அழகுக்கு என்று சொன்ன கறுப்புக் கட்டை இப்போது வேலைக்கு வந்தது. கால் பெருவிரலை இடப்பக்கம் சற்றே சாய்த்தால் மைனர் விழும். அருகருகே இருந்த கட்டைகளில் கால் இடறியதால், ஒன்றுவிட்டு ஒரு கட்டைமேல் மரத்துண்டு ஒட்டி உயர்த்திக்கொண்டார். இடது ஓரத்தில் சி, வலது ஓரத்தில் ஏ, மற்றவை நடுவில். வெறுங்கால் வழுக்காமலிருக்க, குலசேகரத்தில் இருக்கும் மைத்துனரிடம் ரப்பர் ஷீட் வாங்கி அதன்மேல் ஒட்டினார். புகைபோட்ட ஷீட்டின் வாசனை உங்களுக்குத் தெரியும். முதல் ஒத்திகையன்று ஃபாதர் கோயிலுக்குள் வந்து, எலி எதுவும் செத்துக் கிடக்கிறதா என்று பீடத்துக்கு அடியில் தேடினார்.

கமிட்டிக்கு நம்பிக்கை இல்லை. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. பத்தாம் நாள் திருவிழாப் பூசை, வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வரும் நாள். ஒரு வாய்ப்பு தருகிறோம், தடுமாறினால் லேப்டாப்தான் என்றார்கள். அன்றைக்குப் பார்த்து எனக்குச் சளி பிடித்திருந்தது. வருகைப் பாட்டுக்கு முன்னால் அவர் பக்கம் குனிந்து, "அண்ணே, தொண்டை கட்டிருக்கு. ஒரு கட்டை எறக்குங்க" என்றேன். அவரும் வழக்கம்போல டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கிவிட்டார். ஒத்திகையில் ஒருநாளும் நாங்கள் அதைத் தொடவில்லை. வலது கை வாசித்த மெட்டு இறங்கியது. வெளியிலிருந்து வயரில் வந்த கால் கார்டு இறங்கவில்லை, பழைய சுருதியிலேயே நின்றது. ஒரே தெருவில் இரண்டு கல்யாண வீட்டு மைக் செட் போட்டதுபோல ஆயிற்று.

கமிட்டித் தலைவர் எழுந்து நின்றுவிட்டார். அண்ணன் பதறவில்லை. கையையும் காலையும் எடுத்தார், பொத்தானைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார், என்னைப் பார்த்து, "மேல போ மக்கா" என்றார். போனேன். சளித் தொண்டையோடு உச்சத்துக்குப் போனால் என்ன ஆகும்? இரண்டாவது வரியில் என் குரல் கிழிந்து கோயில் முழுக்கக் கேட்டது. மொத்தச் சனமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. கீழே அவருடைய வலது கால் சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போய் எஃபுக்கும் ஜி-க்கும் வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பூசை முடிந்ததும் தலைவர் என்னிடம் வந்து, "டீச்சர், அடுத்த தடவ வெந்நி குடிச்சிட்டு வாருங்க. கீபோர்டு கொள்ளாம், நல்லா இருந்து" என்றார். அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். "உனக்க தொண்டை கிழிஞ்சதுல எனக்க காலு தப்பிச்சுது" என்றார். டிரான்ஸ்போஸைக் காலுக்கும் சேர்த்துப் பொதுவாக்கும் இடம் மெனுவில் வேறொரு மூலையில் இருந்ததை மறுநாள் கண்டுபிடித்தோம்.

அதற்குப் பிறகு மூன்று திருவிழா வாசித்தார். வேகத்தைப் பற்றிய சண்டையும் மீண்டும் தொடங்கியது. கையால் வாசித்தபோதாவது ஒரு கண் என்னைப் பார்க்கும், இப்போது கண் காலிலேயே இருந்ததால் என்னைச் சுத்தமாக மதிப்பதில்லை. அவருடைய வீட்டு ஜன்னல்கள் திறந்தே கிடந்தன.

இந்த முறை இரண்டாவது பக்கவாதம். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண் திறக்கவில்லை, பேச்சு இல்லை. நான் போனபோது மைனி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஃபிலோ, எனக்குத் தாங்க முடியல்ல. வலிக்குன்னு சொல்லக்கூட வாயில்ல. காலப் பாரு, நேத்துலேருந்தே இப்பிடித் துடிக்கி" என்று அழுதார். போர்வைக்கு வெளியே வலது கால் அசைந்துகொண்டிருந்தது. அங்கிருந்த நர்ஸ், வலிப்பு மாதிரித் தெரிகிறது, டாக்டரிடம் சொல்லியிருக்கிறோம் என்றாள். எனக்குள் பழைய பயம் எழுந்தது. இத்தனை பாடுபட்டதும் இப்படிப் படுத்து வேதனைப்படத்தானா என்று கடவுள்மேல் கோபம் வந்தது.

அழுகையை அடக்கக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இடது ஓரத்துக்குப் போனது. பிறகு வலது ஓரத்துக்கு வந்தது, அங்கே பெருவிரல் இடப்பக்கம் சற்றே சாய்ந்தது. பிறகு நடுவுக்கு வந்தது. பிறகு அதற்குச் சற்று வலப்பக்கம். மறுபடியும் இடது ஓரம். என் கை தானாக வாயைப் பொத்தியது. "மைனி, இது வலிப்பு இல்ல" என்றேன். "பெருவிரலப் பாருங்க. மைனர்."

மைனிக்குப் புரியவில்லை. நான் அண்ணனின் காதருகே குனிந்து காணிக்கைப் பாட்டை மெல்லப் பாடினேன். கால் தடுமாறவில்லை, ஒவ்வொரு அடிக்கும் சரியான இடத்துக்குப் போனது. அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நாம் ஆசைப்படுவதுதான் கண்ணுக்குத் தெரிகிறதோ என்று. ஆகவே சரணத்தின் முடிவில், என் வழக்கப்படி, நன்றாக இழுத்தேன். கால் காத்திருக்கவில்லை. நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கார்டுக்குப் போய்விட்டது.

மைனி அதைப் பார்த்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். "சவத்து மனுசன், இங்கன கெடந்தும் உங்கிட்டச் சண்டை பிடிக்காரு" என்றார். பிறகு முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். நர்ஸ் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்தாள். அண்ணன் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, வாசித்துக்கொண்டிருந்தார். இதை மருத்துவம் எப்படிச் சொல்லும் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மறுநாள் காலை கால் நின்றுவிட்டது என்று ஜெனி சொன்னபோது, பாட்டு முடிந்துவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. உடனே நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன், வழியில்தான் அவளுடைய அடுத்த அழைப்பு வந்தது.

அடக்கப் பூசையில் அவருடைய கீபோர்டையே வைத்தோம். பக்கத்துப் பங்கிலிருந்து ஒரு தம்பி வந்து வாசித்தார். காணிக்கைப் பாட்டுக்கான பொத்தானை அமுக்கியதும் அண்ணன் பதிந்துவைத்திருந்த வேகம் அப்படியே வந்தது. "இது கொஞ்சம் ஸ்பீடா இருக்கு டீச்சர், குறைக்கட்டா?" என்று அந்தத் தம்பி கேட்டார். இருபது வருடமாக யாராவது என்னிடம் கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட கேள்வி அது. "வேண்டாம் தம்பி, அது அப்பிடியே கெடக்கட்டும்" என்றேன். அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்த வேகத்தைத்தான். சரணத்தின் முடிவு வந்தது. பழக்க தோஷம், குரல் கொஞ்சம் இழுத்தது. பஸ் நிற்கவில்லை. நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.